சங்கிலிக்கு வெளியே ஒரு தேசிக்காய்

ஜெர்மனியில் நல்ல தேசிக்காய் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பீலெஃபெல்டில் கனகலிங்கம் அண்ணையின் கடைக்கு வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். மெல்லிய தோலும் நிறைந்த எலுமிச்சைச் சாறுமாகப் பெட்டி பெட்டியாக இருக்கும். அன்றைக்கு ரஞ்சினி வாங்கிக் கொடுத்தனுப்பியதும் அங்கேதான். காயில் ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் விபத்து விசாரணை அறிக்கை பழி முழுவதையும் அந்தக் காயின் தலையில் போட்டிருக்கிறது.

என் பெயர் தபோதரன். டாங்கிகளைப் புதுப்பிக்கும் தொழிற்சாலையில் மின்சாரப் பரிசோதகனாக இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். இறந்துபோன சுரேன் என் மனைவி குமுதினியின் தம்பி, ரஞ்சினியின் புருசன். அவனை அந்த வேலைக்குள் இழுத்துவிட்டதே நான்தான். ஜெர்மன் நன்றாக வரும் எனக்கு. ஆனாலும் இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். உங்கள் மொழியில் எழுதினால் கோபம் சரியாக வராது.

ஒரு பாலைவன நாடு பல வருடங்களுக்கு முன் இங்கிலாந்திடம் வாங்கிய டாங்கிகள் எங்களிடம் வந்திருந்தன. கீழே இருப்பது அதே பிரிட்டிஷ் உடல். மேலே புதிய ஜெர்மன் பீரங்கி, வெக்கையைத் தாங்கக் குளிரூட்டி, சுழலுவதற்கு மின்சார மோட்டார். சுழலும் மேற்பகுதியைப் பகிடியாகக் கோபுரம் என்போம். புதிய கோபுரம் படு வேகம். அதனால் ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். முன்னால் இருக்கும் சாரதியின் மூடி திறந்திருந்தால் கோபுரம் அசையாது. அசைந்தால் அவன் தலை இருக்கும் இடத்தை வழித்துக்கொண்டு போய்விடும். சோதனைக் கூடத்தில் ஆளில்லாமல் சோதிக்கும்போது மட்டும் ஒரு சிவப்புச் செருகியைப் போட்டு அந்தக் காவலை ஏமாற்றுவோம். ஆள் ஏறுவதற்கு முன் அதைக் கழற்றி வாசல் பலகையில் மாட்டவேண்டும். அது என் பொறுப்பு.

இந்தத் திட்டத்துக்குத் தலைவர் ஒருவர் தேவைப்பட்டபோது கூடத்தில் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். மேலாளர் ஃபோகல் சுரேனின் பெயரைச் சொன்னார். எனக்குப் பொறாமை வரவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கை கொடுத்தேன், கேக்கும் சாப்பிட்டேன்.

என் கோபம் வேறு. என் தங்கை சிவசக்தி பள்ளிக்கூடம் போகிற வயதில், ஊரில் நடந்த யுத்தத்தில் செல்லடியில் செத்தவள். பதுங்குகுழிக்கு இன்னும் நாலு எட்டுத்தான் இருந்தது. சுரேனும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், அவனுக்கு எல்லாம் தெரியும். அப்படியிருந்தும் பதவி கிடைத்த கிழமை வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சி விருந்து வைத்தான். புதுப் பீரங்கி எவ்வளவு தூரம் பாயும் என்று மேசையில் கரண்டியை வைத்து விளங்கப்படுத்தினான். நான் சிவசக்தியின் பெயரைச் சொன்னேன். அவன் கரண்டியை எடுத்துக் கறிச்சட்டிக்குள் போட்டான்.

"அத்தான், நாங்கள் செய்யாட்டில் வேற ஆரோ செய்யத்தானே போறாங்கள்" என்றான் பிறகு.

"ஓம், அவன் சொல்லுறதும் சரிதானே" என்றாள் குமுதினி.

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பிள்ளைகளைக் கொல்கிற ஒரு சாமானுக்குத் தலைவன் என்று ஒருவன் என் கண்முன்னாலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருக்கிறான், அதற்கு என் பெண்சாதியும் ஓம் போடுகிறாள். இதை ஒருவன் தடுத்தே தீரவேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். அதற்கு முன் என் கையாலேயே சோதித்து அனுப்பிய டாங்கிகளை ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அப்போது அது என் மனதில் படவில்லை.

முதல் ஓட்டத்தைத் தானே ஓட்டப்போவதாகச் சுரேன் அடம்பிடித்தான். புதுக் கார் வாங்கினால் நாங்கள் எல்லோரும் சில்லுக்குக் கீழே வைப்பதைப்போல டாங்கி உருளும் இரும்புச் சங்கிலிகளின் கீழே தேசிக்காய் வைத்து நசிக்கவேண்டும் என்றான். ஃபோகல் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அவன் சாரதி இருக்கையில் இறங்கி மூடியைப் பூட்டிக்கொண்டான். காய்களை வைத்தது நான். இடப்பக்கத்துக் காயைச் சங்கிலிக்கு நேராக வைத்தேன். வலப்பக்கத்துக் காயை ஒரு கையளவு வெளியே வைத்தேன். பிறகு கோபுரத்துக்குள் ஏறினேன்.

டாங்கி கொஞ்சம் உருண்டு நின்றது. காதுக்கருவியில் அவன் குரல் கேட்டது.

"அத்தான், ரெண்டும் நசிஞ்சதோ?"

"வலப்பக்கத்தது தப்பிட்டுதுபோலக் கிடக்கு. ஒருக்கால் எட்டிப் பாரும்."

ஒன்று நசியாவிட்டால் சகுனம் சரியில்லை. எங்கள் ஆட்களில் யாரும் பார்க்காமல் இருக்கமாட்டார்கள். மூடி திறக்கும் சத்தம் கேட்டது. நான் கோபுரத்தைத் திருப்பினேன்.

சிவப்புச் செருகி கழற்றப்படாமல் இருந்ததை நீங்கள் கண்டுபிடித்தீர்கள். பலகையில் மாட்டியிருந்த செருகி பக்கத்து டாங்கியுடையது என்பதையும் கண்டுபிடித்தீர்கள். கவனக்குறைவு என்று எழுதி எனக்கு ஓர் எச்சரிக்கை தந்தீர்கள். காதுக்கருவியின் பதிவில் இருந்த தமிழை மொழிபெயர்க்க ஆள் தேடிய தொழிற்சாலை, கடைசியில் என்னையே கேட்டது. நாங்கள் இருவரும் தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று சொன்னேன். ஒருவரும் இரண்டாம் ஆளிடம் கேட்கவில்லை. அதையும் அப்படியே எழுதினீர்கள்.

அதோடு விட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். காய் நசிந்ததா என்று பார்க்கத்தான் அவன் மூடியைத் திறந்தான், ஆகவே விபத்துக்கு முதற்காரணம் மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டீர்கள். கூடத்தின் வாசலில் பழம், பூ, கற்பூரம் எதுவும் கொண்டுவரக்கூடாது என்று அறிவிப்பு தொங்குகிறது. ரஞ்சினி, காயை வாங்கிக் கொடுத்து என் புருசனை நானே கொன்றுபோட்டேன் என்று சுவரில் தலையை முட்டுகிறாள். சாமி அறையில் விளக்குக்கூடக் கொளுத்துவதில்லையாம். கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. எங்கள் வழக்கத்தைப்பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? தேசிக்காய் யாரையும் கொல்லாது. சுரேனை நான் கொன்றேன். நன்றாக யோசித்து, செருகியை மாற்றி மாட்டி, காயைத் தள்ளி வைத்து, மூடி திறக்கும்வரை காத்திருந்து கொன்றேன். அறிக்கையைத் திருத்துங்கள்.

ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் கெதியாக முடித்துவிடுங்கள். சுரேனின் இடத்துக்கு இப்போது என்னைப் போட்டிருக்கிறார்கள், இரண்டாவது டாங்கி திங்கட்கிழமை ஓடவேண்டும். அந்த அறிவிப்பைக் கழற்றச் சொல்லுங்கள். இந்த முறை காய் இரண்டையும் நேராக வைப்பேன்.