பிக்கப் கதவுக்காரர் எடுத்த வகுப்பு

— அப்புறம் என்னப்பா ஆச்சு? பிள்ளைங்க சிரிச்சிட்டாங்களா?

— சிரிக்கிறதா! நாப்பது பிள்ளையும் வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கு நாகஜோதி. ஈ உள்ள போயி ஊரைச் சுத்திட்டு வெளிய வருது, ஒருத்தனுக்கும் தெரியல.

— போதும்ப்பா. ஷார்ஜாவுல பிக்கப் வண்டிக் கதவுல கம்பெனிப் பேரு எழுதுற உங்கள எதுக்குப் பள்ளிக்கூடத்துல பேசக் கூப்பிட்டாங்க?

— ஏன், உங்கப்பனுக்கு என்ன கொறைச்சல்? அவுங்க ஸ்கூல் பஸ்ஸுக்குப் பேரு எழுதப் போனேன். டிராயிங் டீச்சர் நஸீஹா, காயல்பட்டணத்துக்காரங்க, பின்னாடி நின்னு பாத்திருக்காங்க. 'பத்தாப்புப் பிள்ளைகளுக்கு என்னென்ன வேலைக்குப் போகலாம்னு ஆளாளுக்கு வந்து சொல்றாங்க. டாக்டர் வந்தாச்சு, பேங்க் மேனேஜர் வந்தாச்சு. கலைத்தொழிலுக்குத்தான் ஆளில்ல. நீங்க வாங்க அண்ணாச்சி'ன்னாங்க. அரை நாள் லீவு போட்டுட்டுப் போனேன்.

— போயி என்ன அளந்தீங்க?

— 'பிள்ளைகளா, ஷார்ஜாவுல ஓடுற பிக்கப்புல பாதி நான் எழுதுனது. மீதிப் பாதி என் கைக்காக வரிசையில நிக்கிது'ன்னேன்.

— அப்பா!

— கேளு தாயி. 'எனக்கு அரபியில ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனா அரபிக்காரன் வண்டிய நிறுத்தி எறங்கிப் பாத்துட்டுப் போற மாதிரி எழுதுவேன். எழுத்துன்னு நெனச்சா கை ஓடாது, படம்னு நெனச்சா தானா ஓடும்'னேன். ஒரு பொண்ணு நோட்டுல குறிச்சுக்கிச்சு.

— அந்தக் கழிவுத்தண்ணி லாரிக் கதையச் சொல்லலையே?

— அதுக்குத்தான கைதட்டே! ரெண்டு லாரிக்கும் பாத்து எழுதக் குடுத்த மாதிரித் தாளு மாறிப்போயி, கழிவுத்தண்ணி லாரியில அரபியில 'குடிதண்ணி'ன்னு எழுதிட்டேன். பாகிஸ்தான் பட்டாணி டிரைவரு, அவனுக்கும் வாசிக்கத் தெரியாது, ரெண்டு நாளு ஓட்டிட்டான். மூணாம் நாளு ஒரு அரபி குடத்தோட வந்து வழிமறிச்சுட்டாரு.

— குடமா? போன தடவ சொன்னப்ப கிளாஸோடதான நின்னாரு?

— இன்னைக்குக் கூட்டம் பெருசுல்ல.

— ஐயோ அப்பா, வயிறு வலிக்குது.

— அதோட விடல. 'டாக்டர் தப்புப் பண்ணா மண்ணப் போட்டு மூடணும். நான் பெயிண்ட் தின்னரத் தொட்டுத் துடைச்சிட்டுச் சாயங்காலத்துக்குள்ள திருப்பி எழுதிருவேன். எது நல்ல தொழில்?'னு கேட்டேன். டாக்டர் வீட்டுப் பையன்தான் மொத ஆளா கை தூக்குனான்.

— அடப்பாவமே!

— பெறவு ஒரு மலையாளத்துப் பையன் எந்திரிச்சான். 'அங்கிள், படம் வரையுற படிப்புக்கு அப்பா விட மாட்டாரு'ன்னான். 'ஒங்கப்பன என்கிட்ட கூட்டியா, நான் பேசுறேன்'னு நெஞ்சத் தட்டிச் சொன்னேன்.

— சரி, எங்கப்பாகிட்ட யாருப்பா பேசுவா?

— ஹலோ, ஹலோ? சிக்னல் விட்டு விட்டு வருது தாயி.

— அப்பா? லைன்ல இருக்கீங்களா?

— ஒன் கதை வேற தாயி. அம்பது டிகிரி வெயில்ல கதவு கதவாத் தவந்து எழுதுறவன் நான். எம்மக ஏசி ரூம்புல உக்காரணும். அடுத்த வாரம் இன்ஜினியரிங் கவுன்சிலிங் இருக்கு. கும்பகோணத்து ஓவியக் காலேஜுப் பேச்சு கலாஸ், முடிஞ்சுபோச்சுன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்.

— ஊரான் பிள்ளைக்குன்னா கலை. சொந்தப் பிள்ளைக்குன்னா கவுன்சிலிங்.

— குத்தாத ஆத்தா. ஏற்கெனவே குத்துப்பட்டுத்தான் வந்திருக்கேன்.

— யாரு குத்துனா?

— கடைசியா ஒரு குட்டிப் பொண்ணு எந்திரிச்சு, 'அங்கிள், ஒங்க பொண்ணு என்ன படிக்கிறா?'ன்னு கேட்டுப்புட்டா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— இன்ஜினியரிங்னு சொன்னா நாப்பது பேரும் என்னைக் காறித் துப்பிருவானுங்க. 'கும்பகோணத்துல ஓவியம் படிக்கிறா, என்னைவிட நல்லா வரைவா'ன்னு சொல்லிட்டேன்.

— பொய்யா?

— முதப் பாதி பொய். ரெண்டாம் பாதி சத்தியம். என்ன மாயமோ, அதச் சொன்னப்ப மட்டும் எனக்கு எதையும் கூட்டிச் சொல்லணும்னு தோணல. வாய் தேனா இனிச்சுச்சு.

— இப்பவும் இனிக்குதாப்பா?

— இனிக்குது. அதான் பயமா இருக்கு. நீ ஃபோன ஒங்கம்மாகிட்ட குடு. அவ என்ன சொல்றான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாப்போம்.

— அம்மா இங்க இல்லப்பா. என்னைச் சேத்துவிட்டு, செல்ஃபோன எங்கையில குடுத்துட்டு நேத்தே ஊருக்கு பஸ் ஏறிட்டாங்க. நான் கும்பகோணம் ஹாஸ்டல்ல இருந்துதான் பேசுறேன்.