ஆறாவது வீடு

"பெரிய ஊட்ட உட்டுரு. ஆறாவது ஊட்டப் பாரு" என்றார், ஷேர் ஆட்டோவில் என் எதிரே இருந்த இஸ்திரிக்கார அக்கா.

அவர் பக்கத்திலிருந்த பெண்ணுக்கு, மேனாம்பேட்டில் அக்கா துணி தேய்க்கும் தெருவில் கேக் கடை போட ஆசை. அங்கே வாங்க ஆள் உண்டா என்று பயம்.

"தெருல பதினோரு ஊடு. வருமானப்படி வரிசையா நிக்க வையி. நடுவுல நிக்கறதுதான் தெரு. நெலம் வித்து பணக்காரனானவன வச்சி கணக்கு போடாத."

"நடு ஊடு எப்டிக்கா கீது?"

"முன்னல்லாம் நடுவுல நின்னவங்க கல்யாணத்துக்குத்தான் ஒரு சட்ட தேய்க்கக் குடுப்பாங்க. இப்ப நிக்கறவங்க வாரம் பத்து துணி குடுக்கறாங்க."

எனக்குக் கைதட்டத் தோன்றியது.

அந்தப் பெண் உடனே போனை எடுத்தாள். "அண்ணே, கடைய நானே எடுத்துக்கறேன்." வைத்துவிட்டுச் சிரித்தாள். "நெலம் வித்தவரும் வாங்குவாருல்ல?"

"அவருக்கு சக்கர வியாதிடி."