வழக்கொழிந்தது என்று நான் எழுதிய சொல்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, ராஜமேரி அம்மையாரின் நினைவுக் கூட்டத்துக்கு நல்லம்பள்ளியிலிருந்தும் ஏரியூரிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் அன்பர்களே, கதவோரம் நிற்பவர்களே! எனக்குக் குறிப்பில்லாமல் பேச வராது. நேற்று எழுதிய மூன்று குறிப்புகளை எழுதியபடியே முதலில் படிக்கிறேன்.

1. முன்னோரைக் குறிக்கும் பழஞ்சொற்களுக்கு ராஜமேரி அம்மையார் ஆற்றிய தொண்டு.
2. அச்சொற்களின் பிறப்புக் குறித்து எங்களுக்குள் இருந்த கருத்து வேறுபாடு.
3. உறவென்று எவருமில்லாத அம்மையாருக்கு, பழஞ்சொல் திரட்டும் நம் சொல் வட்டமே உறவு.

பாட்டனுக்குத் தந்தை பூட்டன். பூட்டனுக்குத் தந்தை ஓட்டன். பெண்பாலில் பாட்டி, பூட்டி, ஓட்டி. நம்மில் எத்தனை பேர் இதை அறிந்திருந்தோம்? எண்பத்தெட்டு வயதிலும் பேருந்தேறி ஊர் ஊராகக் கேட்டு வந்தவர் அம்மையார்! இழவு வீட்டிலும் கேட்டார், ரேஷன் கடை வரிசையிலும் கேட்டார்!

கொள்ளுத்தாத்தா, எள்ளுத்தாத்தா என்பவை தானியப் பெயர்களாக இருக்கலாம், தலைமுறை விலக விலக மணி சிறுக்கிறது என்று ஒருமுறை விளக்கினேன். அம்மையார் கேட்டார்: “ஏங்க ஐயா, கொள்ளு எங்கூட்டுல மாட்டுக்கு வெக்கறதுங்க. பெரியவங்கள தீவனத்துப் பேரு வெச்சா கூப்புடுவாங்க?” கூட்டமே சிரித்தது.

நம் சொற்பட்டியலில் ‘பூட்டி’க்கு எதிரே, ‘நம் மாவட்டத்தில் வழக்கொழிந்தது’ என்று எழுதியவன் நான். “கூப்புடற வாய் இருக்குதுங்க ஐயா” என்றார் அம்மையார். யாருடைய வாய் என்று கேட்டேனா? கேட்கவில்லை. மகள் முன்பே இறந்துவிட்டதால் அவர் தனிக்கட்டை என்று நானாகவே முடிவு கட்டினேன். அழைப்பிதழிலும் அப்படியே அச்சடித்தேன்.

இன்று காலை வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். முன்வரிசை உறுப்பினர்களுக்கு என்று தடுத்து, “நீங்க யாரும்மா?” என்றேன்.

“தொப்பூருங்க. ஜோஸ்பின். அவங்க எனக்கு பூட்டிங்க.”

“அவங்களுக்கு யாருமில்லன்னு அழைப்பிதழ்ல போட்டிருக்குதே” என்றேன். பெரியோர்களே, அந்தப் பெண்ணிடமே அப்படிச் சொன்னேன்!

“பாத்தனுங்க. அதான் வந்தேன்.”

அவர் போய்க் கதவோரம் நின்றுகொண்டார். இப்போதும் நிற்கிறார்.

பூட்டனுக்கும் ஓட்டனுக்கும் சொல் தேடிய நான், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் வீட்டில் யார் யார் என்று கேட்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

அம்மையாரின் பணியைத் தொடர்வோம். தொடர எனக்குத் தகுதியுண்டா என்பதை நீங்கள் சொல்லுங்கள். முதல் திருத்தமாக, ‘வழக்கொழிந்தது’ என்பதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ‘ஜோஸ்பின், தொப்பூர்’ என்று எழுதுவோம்.

ஜோஸ்பின், முன்னால் வாருங்கள் அம்மா. என் நாற்காலியில் உட்காருங்கள்.

மூன்றாவது குறிப்பு தவறு.