கடைசிப் பக்கங்கள் இல்லாத நாவல்

— அதெல்லாம் ஒரு கதையாங்க? கொலைகாரனைப் பிடிச்சு விலங்கு மாட்டியாச்சு. செத்தது யாருன்னு மட்டும் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை.

— எழுதினவன் மறந்திருப்பான்ம்மா. நீ அந்தக் காலர் பட்டியை எடு.

— மறக்கறதுக்கு அது என்ன குடையா? கொலைக் கதை எழுதறவன் பொணத்தை மறப்பானா?

— உனக்கு எந்தக் கதைதான் பிடிச்சிருக்கு? போன வாரம் டாக்டர் கதையும் சரியில்லைன்னே.

— எப்படிச் சரியா இருக்கும்? காய்ச்சல்காரக் குழந்தை பக்கத்துல ராப்பகலா உக்காந்திருக்கார் டாக்டர். பக்கத்தைப் புரட்டினா, வேலையை விட்டுட்டு ரயில்ல போயிட்டு இருக்கார். குழந்தை என்னாச்சுன்னு ஒரு வரி கிடையாது. அந்தாளைக் கல்நெஞ்சுக்காரன்னு ரெண்டு நாள் திட்டிக்கிட்டே இருந்தேன்.

— பொழைச்சிருக்கும்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எனக்கு என்னத்தத் தெரியும். புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விடற ஆளு நான். சும்மா சொன்னேன். தைக்க விடுவியா மாட்டியா?

— தைங்க. கால்தானே மிதிக்குது, காது சும்மாதானே இருக்கு. அப்புறம் இந்தப் படகுக்காரர் கதை. இது நிஜமாவே பிடிச்சுது. வர்ணனைதான் ஜாஸ்தி, மழை பெய்யுதுன்னு சொல்ல மூணு பக்கம். ஆனா அவரோட பையன், அப்பா சட்டையை மாட்டிக்கிட்டு திரியறானே... அப்படியே நம்ம பையன்.

— ம்.

— அவன் பேச்சை எடுத்தா இந்த வீட்டுல ‘ம்’தான். சரி. துடுப்பைப் பிடிக்கறேன்னு ஆத்துல குதிக்கறான் அந்தப் பையன். அடுத்தது அட்டை.

— கிழிஞ்சிருக்கும். வாடகைப் புத்தகம், நாலு கை படுது. நாளைக்கு மாத்திக் கொண்டு வர்றேன்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். லைப்ரரிக்காரர்கிட்ட நேராவே போய்ச் சண்டை பிடிச்சேன்.

— நீயா? அங்கே எதுக்குப் போனே?

— ஏன், போகக்கூடாதா? பாவம், மனுஷன் தலையில அடிச்சு சத்தியம் பண்றார், குடுக்கறப்ப முழுசாத்தான் இருந்துதுன்னு. உங்க வீட்டுக்காரர் மாதிரி படிக்கற ஆளைப் பாத்ததில்லைங்கறார். அங்கேயே பெஞ்சுல உக்காந்து எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டு வருவீங்களாமே.

— அவன் வியாபாரி. எதையாவது சொல்வான்.

— அவர் மேலதான் எனக்கும் முதல்ல சந்தேகம். வீட்டுக்கு வந்து அட்டையைப் பிரிச்சுப் பாத்தேன். ஏங்க, புத்தகத்தை யாராவது காக்கி நூல்ல தைப்பாங்களா? ரெண்டு சுத்து சுத்தி, முடிச்சை உள்ளே தள்ளி மறைச்சு வேற. இந்தத் தெருவுல அப்படி முடிச்சுப் போடற கை ஒண்ணுதான் இருக்கு.

— இரு, இந்தத் தையலை முடிச்சுடறேன்.

— மிஷினை நிறுத்துங்க. துணி நகரவே இல்லை, ஊசி ஒரே இடத்துல குத்திட்டு இருக்கு.

— நம்ம பையனைத் தண்ணியில இருந்து தூக்கிக் கிடத்தினப்போ உன் மூஞ்சியைப் பாத்தவன் நான். இன்னொரு தடவை அதைப் பாக்கத் தெம்பில்லைம்மா. இந்தக் கதைங்க வந்தப்புறம்தான் நீ ஒழுங்கா சாப்பிடறே. அதான், சாவு வர்ற இடத்தையெல்லாம் முன்னாடியே எடுத்துட்டேன்.

— கொலைக் கதையில கூடவா?

— அது வயசானவர்தான். இருந்தாலும் எதுக்குன்னு எடுத்துட்டேன்.

— டாக்டர் கதைக் குழந்தை?

— பொழைக்கலை.

— படகுக்காரர் பையன்?

— அதை என்னால படிக்க முடியலை. தண்ணியில குதிச்சான்னு வந்ததும் மூடி வச்சுட்டேன். மிச்சத்தைப் படிக்காமலே பிரிச்சு எடுத்துட்டேன்.

— எரிச்சுட்டீங்களா?

— மனசு வரலை. வெட்டுத் துணி மூட்டைக்கு அடியில இருக்கு. நீ அதைப் பாக்காதே.

— நான் பாத்தாச்சுங்க. லைப்ரரிக்காரர் வேற பிரதி எடுத்துக் குடுத்தார், அங்கேயே நின்னுக்கிட்டே படிச்சேன். நீங்கதான் படிக்கணும். போய் எடுத்துட்டு வாங்க. சத்தமாப் படிங்க, நானும் கேக்கறேன். அந்தப் பையன் கரையேறி வந்துடறான்.