ஓடுறதைத்தான் துரத்தும்

கைய நீட்டாதீங்க தம்பி, தாய் உள்ள படுத்திருக்கு. குட்டிய நானே தூக்கித் தர்றேன். மொதல்ல நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. ஆமா, கேள்வி கேட்டுத்தான் குடுப்பேன். உங்க போர்ட் லூயிஸ் ஆபீசுல ஒரு காயிதம் வாங்க வந்தா இந்தத் துரைசாமிய நீங்க எத்தன கேள்வி கேப்பீங்க? பொறந்த தேதி என்னன்னு கேட்டா நான் எங்க போவேன்? இன்னிக்கு நாற்காலி என் பக்கம். நீங்க அந்தக் கல்லு மேல உக்காருங்க. கால்சட்டையில ஒட்டாது, மழை கழுவுன கல்லுதான்.

நாய் எதுக்கு? காவலுக்கா? அப்ப ரோஸ் பெல் சந்தையில சுத்துறதுல ஒண்ணப் புடிச்சுக் கட்டுங்க. இது காவல் நாயில்ல. திருடன் வந்து நடுவூட்டுல நின்னாக்கூட மோந்து பாத்துட்டுப் போயிரும். மான் வேட்டைக்குன்னு நம்ம எஸ்டேட்டு மொதலாளி மிஸ்யே ஜில்பெரோட பாட்டன் கப்பல்ல கொண்டாந்த சாதி. நம்ம பாட்டனும் கப்பல்லதான் வந்தான். நாய்க்கு மேல்தட்டு, நம்மாளுக்குக் கீழ்தட்டு.

ஓ, மிஸ்யே வெச்சிருந்தாரு, அதான் வேணுமா? அத மொதல்லயே சொல்லுங்க. வெள்ளக்காரன் கொடி எறங்கப் போகுதுன்னதும் மனுசன் தென்னாப்பிரிக்காவுக்கு மூட்டை கட்டிட்டாரு. பியானோவ ஏத்துனாரு, கட்டில ஏத்துனாரு, நாய மட்டும் எங்கிட்ட விட்டுட்டாரு. முப்பத்தஞ்சு வருஷம் அதுகளுக்குச் சோறு வெச்சேன்ல, அதுக்குப் பரிசு. அவரு சாஞ்சிருந்த நாற்காலிய சமையக்காரன் க்ளோட் தூக்கிட்டுப் போயிட்டான். உங்களுக்கு மிச்சம் நாய்தான்.

சரி, கோழி உண்டா? பன்னெண்டா? அடுத்த மாசம் எண்ணிப் பாருங்க. பக்கத்து வீட்டுல? ஒதில் அம்மா வாத்து வளக்குதா? அந்தம்மா வாயி எனக்குத் தெரியும். வாத்தப் பத்தி நாய் கவலப்படாது, நீங்க படுவீங்க.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்குறீங்கல்ல? பத்து நாளு வீட்டுல கறி சேராதே, இதுக்கு என்ன போடுவீங்க, பூசணிக்காயா? போன வருஷம் நம்ம விநாயகம் மிஸ்யேகிட்டக் கெஞ்சி ஒண்ணு வாங்கிட்டுப் போனான். நாய்க்கும் விரதம்னுட்டா அவன் பொண்டாட்டி. ஆறாம் நாளு கோயில் வாசல்ல சனம் நிக்குது, பூசாரி தேவாரம் பாடுறாரு, இது எங்கேயோ ஒரு சேவலக் கவ்விக்கிட்டு நேரா வந்து அந்தம்மா கால்ல வெச்சுச்சு. மரியாதையாத்தான் வெச்சுச்சு. மறுநாளே இங்க கொண்டாந்து கட்டிட்டுப் போயிட்டான்.

சிரிக்கிறீங்க. உங்கப்பாவும் இப்படித்தான், பழனியாண்டி அண்ணன், பல்லுத் தெரியாமச் சிரிப்பாரு. எனக்குத் தெரியாதா? எஸ்டேட்டுல அடுத்தடுத்த வீடு, ஒரே குழாய்த் தண்ணி. அவரு ஆளுங்கள மேய்க்கிற சர்தார் ஆகுறதுக்கு முன்னால.

புள்ளைங்க? ரெண்டு பொண்ணு. ஓடி ஆடுற வயசா? அப்ப இத மட்டும் நல்லாக் கேட்டுக்குங்க. இந்தச் சாதிக்கு ஒரு கொணம், ஓடுறதைத்தான் துரத்தும். மானோ மனுசனோ, ஓடுனா விடாது. அசையாம நின்னா அதுவும் நின்னு கொரைக்கும், அவ்வளவுதான், பல்லு படாது.

தெரியுமா? யாரு சொன்னா? அப்பாவா? சின்ன வயசுலயே சொல்லிக் குடுத்தாரா? பரவால்ல, ஒரு ஆளுக்காவது சொல்லியிருக்காரே.

அவருக்கு யாரு சொன்னான்னு சொன்னாரா? நான்தான் தம்பி. முப்பத்தேழுல, கூலி பத்தாதுன்னு வெட்டுக் கத்தியக் கீழ போட்டாங்கள்ல, அந்த வருஷம். ஆலைக்குப் போற பாதையில ஆளுங்க கூடுறது மிஸ்யேவோட அப்பா, பெரிய மிஸ்யே, அவரு காதுக்குப் போயிருச்சு. மத்தியானம், நாயக் கூட்டிட்டு வாடான்னாரு. நான் கரும்புக்குள்ள பூந்து ஓடி உங்கப்பாகிட்டச் சொன்னேன். அண்ணே, நாய் வருது, ஒருத்தனையும் ஓட விடாதீங்க, நின்னா ஒண்ணும் பண்ணாதுன்னு. தலையாட்டுனாரு. என் தம்பி சின்னன் தூரத்துல அந்தக் கடைசியில நின்னான். அண்ணன் சொல்லுவாருல்ல, அவரு சொன்னா எல்லாரும் கேப்பாங்கன்னு திரும்பிட்டேன்.

நாப்பது பேரு இருந்தாங்க. நாயப் பாத்ததும் முப்பத்தொம்பது பேரு ஓடுனாங்க. ஒருத்தரு மட்டும் நட்டு வெச்ச கம்பமா நின்னாரு. வாயத் தொறக்கல.

சின்னன் நல்லா ஓடுவான். நாய் அவன விட நல்லா ஓடுச்சு, இருவது வயசோட போயிட்டான்.

அடுத்த மாசம் உங்கப்பா கையில சர்தார் தடி. அன்னிக்கு வரத்து நிறுத்துனவன் நான், இன்னி வரைக்கும் உங்க வாசப்படி மிதிக்கல. அவரு சாவுக்கும் வரல, கவனிச்சிருப்பீங்க.

எந்திரிக்காதீங்க, உக்காருங்க. நான் குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? அன்னிக்கு வந்ததுல ஒண்ணோட பேத்திக்குப் பேத்திதான் உள்ள கெடக்கு. உங்க குடும்பத்துக்கு நல்லாப் பொருந்தும். நிக்கத் தெரிஞ்ச குடும்பம்.

என்ன கேக்குறீங்க? அவுத்து விட்டது யாரா? பெரிய மிஸ்யே குதிரை மேல இருந்தாரு தம்பி, அவரு எப்படி அவுப்பாரு? சங்கிலி என் கையிலதான். அவரு சாட்டையத் தூக்குனாரு, நான் அவுத்தேன். உங்கப்பா சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்.

இந்தாங்க, புடிங்க. கழுத்தப் புடிக்காதீங்க, வயித்துக்கு அடியில கையக் குடுங்க. அப்படித்தான். காரு வரைக்கும் மெதுவா நடங்க. தாய் பாக்குது.