வழக்கொழிந்த நிறம்

"ஹலோ! வெல்ஷ் அகராதி ஆபீஸா?... ஒழிஞ்சுபோனவன் பேசறேன்... ஆமாம்மா, உங்க கணக்குல ஒழிஞ்சவன்தான். பேரு இத்வால். டோல்கெத்லாய்க்கு மேல, மலையில ஆடு வளர்க்கறேன்... என்ன விஷயமா? படிச்சுப் பாத்துச் சொல்லுங்கன்னு எங்க சேப்பலுக்கு ஒரு தாள் அனுப்பியிருக்கீங்களே, அந்த விஷயம். இரு."

இத்வால் ரிசீவரைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"'கிலாஸ்: நீலம்.' சரி. அடுத்தது... 'புல்லின் பச்சைக்கும் குதிரையின் சாம்பல் நிறத்துக்கும் சொல்வது வழக்கொழிந்தது.' யாரும்மா ஒழிச்சது? நீயா?... ஆமா... ஆமா ஆமா, ரொம்பப் பழைய சொல்லுதான்... ஐரிஷ்காரன் இன்னும் அப்படித்தான் சொல்றானா? சந்தோஷம். அவன் குதிரைக்கு ஆயுசு கெட்டி, என் குதிரை மட்டும் ஒழிஞ்சிடுச்சாக்கும்!... என்னது? பச்சைக்குன்னு ரோமாபுரிக்காரன்கிட்ட வாங்கின சொல்லு இருக்கா? அடேங்கப்பா! அவன் வந்து இறங்கற வரைக்கும் எங்க ஆடுங்க என்ன கலர்ப் புல்லைத் தின்னுச்சாம்?

"நான் இன்னைக்குக் காலையில கூடச் சொன்னேன், மேல் வயல் கிலாஸாயிடுச்சுன்னு... யார்கிட்டயா? நாய்கிட்ட... நாய் சாட்சியில சேராதா? உன் ஆபீஸ்ல பாதிப் பேரைவிட அதுக்கு வெல்ஷ் நல்லாப் புரியும்!

"அந்த வரியை எடுக்கணும்னா, இன்னும் அப்படிச் சொல்றவங்க ரெண்டு பேர் வேணுமா?... ஒரே சீட்டுல, ரெண்டு கையெழுத்தா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுதா?... இல்லம்மா, ஊர்ல எல்லாரும் பள்ளிக்கூடத்துச் சொல்லுக்கு மாறிட்டாங்க... ஒருத்தர் இருக்கார். எங்கண்ணன். மெய்ரிக். கல்சுவருக்கு அந்தப் பக்கம்தான் வீடு... நானா? நான் எப்படிக் கேக்கறது? பேசி ஒன்பது வருஷமாச்சு... ஆடு மேய்க்கற நாய்ங்க போட்டிக்கு நடுவரா உக்காந்துகிட்டு, என் நாய்க்கு அரை மார்க் குறைச்சார். கூடப் பிறந்தவர்!... சிரிக்காதே... நீ சிரிச்சே, எனக்குக் கேட்டுது."

அந்தப் பக்கம் அவள் என்ன கேட்டாளோ, இத்வால் திரும்பிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, சுவரைத் தாண்டி, அண்ணன் வீட்டுப் புகைபோக்கி புகைந்துகொண்டிருந்தது.

"...இருக்கேன், இருக்கேன், லைன் கட்டாகலை... ஆமா. அவரும் நானும் போயிட்டா அப்புறம் யாரும் இல்லதான். அதை நீ சொல்லணுமா?... சரி, சரி, போறேன்... இப்பவேதான். பூட்ஸை மாட்டிட்டேன்னு வெச்சுக்கோ... அவர் கதவைத் திறக்கலைன்னாவா?"

தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் திணித்தார்.

"திறக்கலைன்னா, ஒழிஞ்சுபோச்சுன்னே அச்சடிச்சுக்கோ."

ரிசீவரைப் பட்டென்று வைத்தார்.