கோவப்படணும்னா இங்கிலீஷ்ல

அட, கும்பிடாத மக்கா, கைய எறக்கு. பழவங்காடி கணபதி கோயில் முன்னால நின்னுக்கிட்டு என்னப் போயி கும்பிடுகியே. நா கத்த மாட்டேன். இன்னைக்குக் கத்துனா எம் பொழைப்பே போச்சு. புதுக் காருதான், இப்பத்தான் தேங்கா ஒடச்சு பூஜை போட்டேன், சந்தனங்கூட காயல, அதுக்குள்ள பின்னால இடிச்சுட்ட. சாரமில்ல, போனா போகுது. பேரென்ன, ரெஜியா? தமிழ் மனசிலாவும்லா? பாறசாலைக்காரனா, தமிழ்நாட்டு எல்லையிலலா இருக்க, பின்னே என்ன! ஆட்டோவ ஓரமா போடு.

ஆரியசாலையில வத்தல் மொத்தக்கடை சிவதாணுன்னு கேட்டிருக்கியா? ஆமா, அந்தாளேதான். பயந்துராத. தமிழ்லயும் மலையாளத்துலயும் எனக்கு ஏச்சு தண்ணி மாதிரி வரும். அதுனால வீட்டுக்காரி ஒரு சட்டம் போட்டா. இனி கோவப்படணும்னா இங்கிலீஷ்ல மட்டுந்தான் கோவப்படணுமாம். மக அஞ்சு நாகர்கோயில்ல இங்கிலீஷ் டீச்சராக்கும். அவதான் போன்ல சொல்லிக்குடுத்தா.

ஹிட் தி ரூஃப். கோவம் வந்தா எம்பிப் போயி கூரைய இடிக்கணுமாம். ப்ளோ எ ஃப்யூஸ். வீட்டுல ஃப்யூஸ் போயிருமாம். ஃப்ளை ஆஃப் தி ஹேண்டில்னு ஒண்ணு, கோடாலி காம்ப விட்டுக் கழண்டு பறக்குமாம். நமக்குக் கோவம் மூக்குக்கு மேல வரும், மண்டைக்கு ஏறும், எல்லாம் ஒடம்போட போச்சு. வெள்ளைக்காரனுக்கு வீட்டுச் சாமான்லா சேதம்!

சிரிக்கியா? சிரி, சிரி. நீ இடிச்ச ஒடனே எனக்கு வந்துது பாரு ஒரு கோவம், யம்மா! எறங்கி வந்து வாயத் தொறந்தேன். கூரையா ஃப்யூஸா, எத மொதல்ல எடுக்கன்னு யோசிச்சு முடிக்கங்காட்டியும் கோவத்தக் காணோம். கள்ளி, அது தெரிஞ்சுதான் சட்டம் போட்டிருக்கா.

இல்ல மக்கா, நா அவ்வளவு நல்லவன்லாம் இல்ல. மெதுவா எந் தோளுக்கு மேல பாரு. பின்சீட்டுல கண்ணாடிய எறக்கிட்டு ஒரு அம்மா இருக்காள்லா? பகவதியம்மா, எம் பொண்டாட்டி. என் வாய்க்குப் பயந்து ஓணத்துக்கு முந்தியே மக வீட்டுக்குப் போனவ. இன்னைக்குத்தான் கூட்டிட்டு வாறேன். இன்னொருக்க சத்தம் கேட்டா தம்பானூர்ல பஸ் ஏறிருவேன்னு சொல்லிட்டா. பைய டிக்கில வைக்கக்கூட விடல, மடியிலயே வச்சிருக்கா. அவ இல்லாம எனக்கு அந்த வீட்டுல சோறு எறங்கல மக்கா.

கதவு தொறக்க சத்தமா? நா திரும்ப மாட்டேன், நீயே பாத்துச் சொல்லு. பையோடயா எறங்குகா? பிள்ளையாரப்பா... எந்தப் பக்கம் நடக்கா?

என்னது, பைய வைக்க டிக்கியத் தொறக்கச் சொல்லுகாளா?

ஏ மக்கா, நிக்காத, ஒரு கை புடி. நீ இடிச்சதுல டிக்கி சிக்கிக்கிட்டு.